சேவை விருதும் ரெசிடென்சி விண்ணப்பமும்: டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டுக்குச் சில குறிப்புகள்

என் மகள் அமெரிக்காவில் மருத்துவப் படிப்பின் நான்காம் ஆண்டில் இருந்தபோது, என் அக்கா மகன் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒரே செப்டம்பரில் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் உட்கார்ந்து, மருத்துவமனை மேற்பயிற்சியான ரெசிடென்சிக்கு விண்ணப்பம் எழுதினார்கள். ஒருநாள் இரவு அவன் கேட்டான்: "சித்தி, தன்னார்வ சேவைக்கு ஜனாதிபதி பேர்ல ஒரு விருது தர்றாங்களாமே. அது இருந்தா இடம் கிடைக்குமா?" அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பருவத்திலும் அடுத்த பருவத்திலும் பார்த்து, கேட்டு, படித்துத் தெரிந்துகொண்டதை அடுத்து விண்ணப்பிக்கப் போகும் வீடுகளுக்காக எழுதுகிறேன்.

1. முதலில் அவன் கேள்விக்குப் பதில். விருதுக்கென்று தனி மதிப்பெண் எதுவும் கிடையாது. ஒரு ரெசிடென்சி திட்டத்துக்கு வரும் விண்ணப்பங்கள் பல இடங்களில் ஆயிரத்தைத் தாண்டும். அவற்றைச் சலிக்கும்போது முதலில் பார்ப்பது அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண், தேர்வுகளில் தோல்வி உண்டா என்பது, கல்லூரி டீன் அலுவலகம் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம், கூட வேலை பார்த்த மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்கள் ஆகியவை. சேவையையும் பார்க்கிறார்கள். ஆனால் அங்கே அவர்கள் தேடுவது பதக்கத்தை அல்ல. எங்கே, எத்தனை காலம், என்ன பொறுப்பில் இருந்தார் என்பதைத்தான். விருது இருந்தால் அந்த வேலைக்கு ஒரு சாட்சி, அவ்வளவே.

2. விருதைப் பற்றிய விவரத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலோர் சொல்வது 2003-இல் தொடங்கிய பிரெசிடென்ட்ஸ் வாலண்டியர் சர்வீஸ் அவார்டை. அமெரிகார்ப்ஸ் என்ற அரசு அமைப்பு அதை நடத்தியது. 12 மாதத்துக்குள் எத்தனை மணி நேரம் சம்பளமில்லாமல் உழைத்தார் என்பதே கணக்கு. 16 முதல் 25 வயது வரை 100 மணி நேரத்துக்கு வெண்கலம், 175-க்கு வெள்ளி, 250-க்குத் தங்கம். 26 வயது முதல் வெண்கலம் அதே 100. வெள்ளிக்கு 250, தங்கத்துக்கு 500. 250 மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 25 வயது மாணவியும் 26 வயது மாணவரும் ஒரே கிளினிக்கில் 300 மணி நேரம் உழைத்தால் அவளுக்குத் தங்கம், அவருக்கு வெள்ளி. விண்ணப்பம் படிக்கும் மருத்துவர் இந்த வயது அட்டவணையை மனப்பாடம் செய்து வைத்திருக்கமாட்டார். அதனால் பதக்கத்தின் நிறம் அவருக்குப் பெரிதாக எதுவும் சொல்லாது. மணி நேரத்தையும் வேலையையும் எழுதினால் உடனே புரியும்.

3. யாருக்குக் கிடைக்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விருது அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. தேர்வு எழுதவும் மருத்துவமனையில் உடனிருந்து பார்க்கவும் வந்த என் அக்கா மகனுக்கு அந்தக் கதவு முதலிலேயே மூடியிருந்தது. அது தெரியாமல் இரண்டு வாரம் அதற்காக அலைந்தான். போதாததற்கு 2025-இல் இந்தத் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது. எனவே இதை நம்பி மணி நேரம் சேர்க்கத் தொடங்கும் முன் திட்டம் நடக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நிறுத்தப்படும் முன்பே முறைப்படி வாங்கியிருந்தால் அது செல்லும், தாராளமாக எழுதலாம்.

4. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டலாம், விண்ணப்பத்தில் இணைக்க முடியாது. இது பல பெற்றோருக்குத் தெரியாது. ஈராஸ் எனப்படும் விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல், தேர்வு முடிவு, புகைப்படம் போன்றவற்றுக்குத்தான் இடம் உண்டு. சான்றிதழ் ஏற்ற இடமில்லை. விருதின் பெயரை விருதுகள் பகுதியில் ஒரு வரியில் தட்டெழுதலாம். அதற்குப் பின்னால் இருக்கும் வேலையை அனுபவங்கள் பகுதியில் எழுதலாம். அந்த இரண்டாவது இடம்தான் முக்கியம்.

5. அனுபவங்கள் பத்துக்கு மேல் போகக் கூடாது. ஆராய்ச்சி, வேலை, கற்பித்தல், சேவை எல்லாம் சேர்த்துத்தான் இந்தப் பத்து. ஒவ்வொன்றையும் விளக்க எழுத்து வரம்பு உண்டு. பத்தில் மூன்றை மிக முக்கியமானவை என்று குறிக்கலாம். அந்த மூன்றுக்கும் ஏன் முக்கியம் என்று சொல்ல மேலும் 300 எழுத்து. ஆகவே ஒரு நாள் ரத்ததான முகாம், ஒரு நாள் மாரத்தான் தண்ணீர்ப் பந்தல் என்று உதிரியாகப் பத்தை நிரப்பாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு வருஷம் தொடர்ந்து போனது ஐந்து ஒருநாள் முகாம்களைவிட எடை கூடியது.

6. முதல் நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். என்னைக் கேட்டால் எல்லாக் குறிப்பிலும் பெரியது இதுதான். என் மகள் இரண்டாம் ஆண்டிலிருந்து சனிக்கிழமை தோறும், காப்பீடு இல்லாதவர்களுக்கு மாணவர்கள் நடத்தும் இலவச கிளினிக்குக்குப் போனாள். வந்தவர்களைப் பதிவு செய்வது, ரத்த அழுத்தம் பார்ப்பது, பரிசோதனை முடிவு வந்ததும் போன் செய்து திரும்ப வரச் சொல்வது, மருந்து கம்பெனிகள் இலவசமாகத் தரும் மருந்துக்குப் படிவம் நிரப்புவது, இவைதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் பால்கணக்கு எழுதுவதுபோல நான்கு வரி எழுதச் சொன்னேன்: தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, என்ன வேலை, மனதில் நின்ற ஒரு விஷயம். நோயாளியின் பெயர் மட்டும் ஒருபோதும் கூடாது.

ஒரு சனிக்கிழமை அவள் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சர்க்கரை குறையவே குறையாத ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, இன்சுலினைக் கெட்டுப்போகக் கூடாது என்று ஃபிரீசரில் வைத்திருந்தது தெரிந்தது. உறைந்த இன்சுலினை உபயோகிக்கக் கூடாது. யாரும் அவரிடம் அதைச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இன்சுலின் வாங்கும் எல்லோரிடமும் "வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்?" என்ற ஒரு கேள்வியை அவள் பதிவுத் தாளில் சேர்த்தாள். இரண்டு வருஷம் கழித்து விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது இது அவளுக்கே மறந்து போயிருந்தது. நோட்டில்தான் கிடைத்தது. அதுவே அவளுடைய மூன்று முக்கிய அனுபவங்களில் ஒன்றானது.

7. "250 மணி நேரம், தங்கப் பதக்கம், ஏழைகளுக்குச் சேவை செய்து மனநிறைவு பெற்றேன்." முதல் வரைவில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். மனநிறைவை எடுத்துவிட்டு, செய்த வேலையை வையுங்கள். எத்தனை பேர் அணியில் இருந்தார்கள், உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் வருவதற்கு முன் எப்படி இருந்தது, நீங்கள் போனபின் எது மாறியது. விண்ணப்பம் ஆங்கிலத்தில் எழுதுவதுதான். ஆனாலும் எழுதும் முன் வீட்டில் அம்மாவிடமோ பாட்டியிடமோ தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்தால், பாட்டி "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டால், அந்த விஷயம் எழுதத் தகுந்தது.

8. கட்டாயத்தில் செய்ததைச் சேவை என்று எழுதாதீர்கள். ஊரிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் இந்தத் தவறு அதிகம். எம்.பி.பி.எஸ். கடைசியில் வரும் சி.ஆர்.ஆர்.ஐ. என்ற கட்டாயப் பயிற்சியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனது படிப்பின் பகுதி. இப்போது எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்கிறார்களே, அதுவும் பாடத்திட்டத்தில் உள்ளதுதான். அங்கே நல்ல வேலை செய்திருந்தால் பயிற்சி என்ற தலைப்பில் அழகாக எழுதலாம். தன்னார்வம் என்று போட்டால் நேர்காணலில் ஒரு கேள்வியில் உடைந்துவிடும்.

நாட்டு நலப்பணித் திட்டம் இதில் வேறு வகை. 1969-இல் தொடங்கிய என்.எஸ்.எஸ்.-இல் இரண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் என்பது வழக்கமான கணக்கு, ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. அமெரிக்காவில் இருப்பவருக்கு அந்த மூன்றெழுத்து எதுவும் சொல்லாது. எனவே பெயரை விரித்து எழுதி, அது என்ன என்று அரை வரியில் சொல்லிவிட்டு, கண் முகாமில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்கு வந்துவிடுங்கள்.

9. ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள். நம் ஊரில் மேற்படிப்பு என்றால் நீட் பி.ஜி. தரவரிசைதான். ஆயிரம் மணி நேரம் முகாமில் நின்றாலும் அந்த எண் மாறாது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அமெரிக்காவில் சேவை பார்க்கிறார்கள் என்றதும், அதுவும் ஒரு மதிப்பெண் போல, கூடக்கூடச் சேர்த்தால் தரம் உயரும் என்று தோன்றுகிறது. அப்படி இல்லை. வெளிநாட்டுக் கல்லூரியில் படித்தவருக்கு ஸ்டெப் தேர்வுகளை முதல் முயற்சியில் தேறுவதும், படிப்பு முடித்து எத்தனை வருஷம் ஆனது என்பதும், அமெரிக்க மருத்துவமனையில் வேலை பார்த்து அங்கிருந்து வாங்கிய கடிதமும், விசாவும் பெரிய விஷயங்கள். இவற்றில் ஒரு ஓட்டை இருந்தால் எந்த விருதும் அதை அடைக்காது.

என் அக்கா மகனுக்கு முதல் வருஷம் இடம் கிடைக்கவில்லை. தாமதமாக விண்ணப்பித்தான், அமெரிக்க மருத்துவர் கடிதம் ஒன்றுதான் இருந்தது. அடுத்த வருஷம் கடிதங்களைச் சேர்த்துக்கொண்டு முதல் நாளே விண்ணப்பித்தான், கிடைத்தது. சேவைப் பகுதி இரண்டு வருஷமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

10. விசாவில் வந்திருப்பவர்கள் இலவச வேலைதானே என்று எங்கும் போய் நின்றுவிடக் கூடாது. சம்பளம் கொடுத்து ஆள் வைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்தாலும் சிக்கல் வரலாம். மாணவர் விசா என்றால் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்னதாகக் கேளுங்கள். மற்ற விசா என்றால் குடியேற்ற வழக்கறிஞரிடம். உடனிருந்து பார்ப்பதை சேவை என்று எழுதவும் கூடாது. அப்சர்வர்ஷிப் வேறு, தொண்டு வேறு.

11. எடை உள்ள அங்கீகாரங்களும் இருக்கின்றன. கோல்டு ஹியூமனிசம் ஹானர் சொசைட்டி அதில் ஒன்று. ஆர்னால்டு கோல்டு என்ற குழந்தைகள் நரம்பியல் மருத்துவர் பெயரால் அமைந்த அறக்கட்டளை அதை 2002-இல் தொடங்கியது. கூடப் படிக்கும் மாணவர்களே "நோயாளியிடம் பரிவோடு நடப்பவர் இவர்" என்று பெயர் சொல்லி முன்மொழிய வேண்டும். மணி நேரம் சேர்த்து அதை வாங்க முடியாது. ராத்திரி இரண்டு மணிக்குக் களைத்துப்போய் நிற்கும்போது நீங்கள் எப்படிப் பேசினீர்கள் என்பதைப் பார்த்தவர்கள் தரும் சாட்சி அது. ஈராஸ் விண்ணப்பத்தில் அதற்கென்று தனி இடமே உண்டு. 1902-இல் தொடங்கிய ஆல்ஃபா ஒமேகா ஆல்ஃபா பிரதானமாகப் படிப்புக்கானது என்றாலும் சேவையையும் தலைமையையும் பார்க்கிறது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் ஃபெலோஷிப் இன்னொரு வகை: ஒரு வருஷம், ஒரு சமூகத்தின் ஒரு குறையை எடுத்துக்கொண்டு மாணவரே திட்டம் போட்டு நடத்த வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவானது, வேறு ஒருவர் உங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பது. மணிக்கணக்கில் கிடைக்கும் விருதில் அந்தத் தேர்வு இல்லை. எது உதவும் என்று குழம்பும்போது, யாராவது பார்த்துத் தேர்ந்தெடுத்துத் தந்ததா என்ற ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்.

12. பணம் கேட்டால் நில்லுங்கள். கட்டணம் கட்டினால் விருது, மாநாட்டுக்கு வந்தால் பதக்கம், ஆன்லைனில் பத்து நாளில் நூறு மணி நேரச் சான்று என்று வரும் மின்னஞ்சல்களைத் திறக்காமலே நீக்கிவிடுங்கள். அந்தப் பணத்துக்குத் தேர்வுப் பயிற்சிக் கேள்விகளின் சந்தாவை ஒரு மாதம் நீட்டலாம்.

13. மணி நேரத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். "எல்லோரும் செய்கிறார்கள்" என்று யாராவது சொல்வார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் சேவை என்று எழுதிவிட்டு, அதே மாதங்களில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி என்றும் இருந்தால், படிப்பவர் அந்தப் பாதையில் நடந்து வந்தவர், கண்டுபிடித்துவிடுவார். விண்ணப்பத்தில் பொய் இருப்பதாகப் புகார் வந்தால் விசாரிக்கும் ஏற்பாடு ஈராஸை நடத்தும் ஏ.ஏ.எம்.சி. என்ற மருத்துவக் கல்லூரிகள் சங்கத்திடம் உண்டு. நோட்டில் 180 என்று இருந்தால் 180 என்றே எழுதுங்கள்.

14. கிளினிக்கில் எடுத்த படம் எதுவும் வேண்டாம். நோயாளியின் முகமோ, பெயர்ப் பட்டையோ, பின்னால் இருக்கும் கம்ப்யூட்டர் திரையோ தெரிந்தால், நோயாளியின் விவரங்களைக் காக்கும் ஹிப்பா சட்டப்படி பெரிய பிரச்சினை. நம் வீட்டு வாட்ஸ்ஆப் குழுவில் பெருமைக்குப் போடும் படமும் இதில் சேரும். பாட்டிக்குக் காட்ட வேண்டுமென்றால் வெள்ளைக் கோட்டுடன் வாசலில் நின்று எடுக்கட்டும்.

15. பள்ளிக்கூடத்துப் பதக்கத்தை அங்கேயே விடுங்கள். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலர் சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக இருந்து சிறு வயதிலேயே ஜனாதிபதி விருது வாங்கியவர்கள். பெற்றோருக்கு அது மறக்காத நாள், எனக்கும்தான். ஆனால் ரெசிடென்சி விண்ணப்பத்தில் உயர்நிலைப் பள்ளி விருது தேடித்தேடி இட்டு நிரப்பியதுபோலத் தெரியும். ஒரே ஒரு விலக்கு: அந்த நூல் அறுந்து போகாமல் தொடர்ந்திருந்தால். பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுத்த பெண் மருத்துவக் கல்லூரியிலும் தமிழ் பேசும் முதியவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றிருந்தால், தொடக்கத்தை அரை வரியில் சொல்வது பொருந்தும். அப்போதும் பதக்கம் அல்ல, மொழிதான் விஷயம்.

16. எந்தத் துறை, எந்த ஊர் என்பதைப் பொறுத்து சேவையின் எடை மாறும். குடும்ப மருத்துவம், குழந்தை மருத்துவம், மனநலம், ஏழைகள் அதிகம் வரும் நகர மருத்துவமனைகளின் பொது மருத்துவம், கிராமப்புறத் திட்டங்கள் ஆகியவற்றில் சேவையை ஆர்வத்தோடு படிக்கிறார்கள். இங்கே வரும் ரெசிடென்ட் பயிற்சி முடியும்வரை இந்த நோயாளிகளோடு நிலைப்பாரா என்பது அவர்களுடைய உண்மையான கவலை. போட்டி மிகுந்த அறுவைச் சிகிச்சைத் துறைகளில் ஆராய்ச்சியும் அந்தத் துறை மருத்துவரின் கடிதமும் முன்னே நிற்கும். விண்ணப்பிக்கும் இடத்தின் இணையப் பக்கத்தில் தங்கள் நோக்கம் என்று என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதைப் படித்துவிட்டு, பத்து அனுபவங்களில் எந்த மூன்றை முக்கியம் என்று குறிப்பது என முடிவு செய்யுங்கள்.

17. சேவையால் படிப்பு சரியக் கூடாது. ஸ்டெப் 1 தேர்வில் 2022 ஜனவரி 26 முதல் மதிப்பெண் கிடையாது, தேறினாரா இல்லையா என்பது மட்டுமே. அதனால் ஸ்டெப் 2 சி.கே. மதிப்பெண்ணின் மேல் பாரம் கூடிவிட்டது. அந்தத் தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கிளினிக்கை மாதம் ஒருமுறை என்று குறைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் நிற்பதுதான் தப்பு. மருத்துவரை நம்பி வரும் இருபது பேர் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பார்கள்.

18. கடிதம் கேட்கும் நேரம் பதக்கம் தரும் நாளல்ல. கிளினிக்கில் உங்களை இரண்டு வருஷம் பார்த்த மருத்துவர் எழுதும் ஒரு பக்கத்தில் விருதைவிட நூறு மடங்கு விஷயம் இருக்கும். ஒரு திட்டத்துக்கு நான்கு கடிதம்வரை அனுப்பலாம். அதில் ஒன்று இவருடையதாக இருக்கலாம். கோடை தொடங்கும் முன் நேரில் போய்க் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டிலிருந்து ஐந்தாறு நிகழ்ச்சிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், அவருக்கும் ஞாபகம் வரும்.

19. நேர்காணலுக்கு அடுப்படியில் ஒத்திகை பாருங்கள். நான் தோசை ஊற்றிக்கொண்டே கேட்பேன், மகள் நின்றுகொண்டே சொல்வாள். "அந்த கிளினிக்கில் உன்னால் முடியாமல் போனது எது?" இந்தக் கேள்விக்குத்தான் அவள் அதிகம் திணறினாள். திரும்ப வரச் சொல்லி மூன்று முறை போன் செய்தும் வராத ஓர் அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொன்னாள். வேலையில் லீவு கேட்க முடியாததால் அந்த அம்மா வரவில்லை. மாலை நேர கிளினிக் வைக்க வேண்டும் என்று இவள் கேட்டாள், ஆள் இல்லாமல் அது நடக்கவில்லை. தோசை கருகியது. நிஜ நேர்காணலில் அவளிடம் இதையே கேட்டார்கள். விருதைப் பற்றி எந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை.

20. யாருக்கு எந்த இடம் என்று சொல்லும் மேட்ச் முடிவு மார்ச் மூன்றாம் வெள்ளிக்கிழமை வரும். ஜூன் கடைசியிலோ ஜூலை முதலிலோ புது ஊரில் வேலை தொடங்கும். நடுவில் இருக்கும் வாரங்களில் வீடு பார்ப்பது, சாமான் கட்டுவது என்று ஓட்டமாக இருக்கும். அதற்குள் இரண்டு சனிக்கிழமைகளை ஒதுக்கிவிடுங்கள். முதல் சனிக்கிழமை, அடுத்து வரும் ஜூனியரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பதிவுத் தாள், மருந்துப் படிவம், திரும்ப அழைக்க வேண்டியவர்கள் பட்டியல் எல்லாவற்றையும் காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமை அந்த ஜூனியர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். என் மகள் கிளம்பிய அன்று இன்சுலின் கேள்வி அச்சடித்த தாளில் ஒரு கட்டு எடுத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, கிளினிக் சாவியைத் தன் ஜூனியர் பையன் கையில் கொடுத்தாள்.